மாமுவுக்குத் தெரியாத தாகம்

என் முதல் நோன்பில் பாதி பஸ்ஸிலும் மீதி ஒரு டயாலிசிஸ் வார்டிலும் கழிந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மதியம் வரைக்கும் இருந்தால் போதும் என்றாள் அம்மா. ஆனால் என் வயசே ஆன பெரியத்தா மகள் முந்தின வாரமே முழு நோன்பு பிடித்துவிட்டு, தெருவில் மாலை மரியாதை வாங்கியவள் போல நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நான் எதில் குறைச்சல்? செத்தாலும் பொழுது இறங்கி மஃரிபு பாங்கு கேட்பதற்கு முன்னால் வாயில் தண்ணீர் படக்கூடாது என்று விடியுமுன் சாப்பிடும் சஹர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டேன்.

அன்றைக்குப் பார்த்து மாமிக்குக் காய்ச்சல். மாமுவை, அதாவது தன் அண்ணனை, தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அம்மா கிளம்பினாள். பள்ளிக்கூடம் லீவு. என்னை வீட்டில் விட்டால் தண்ணீர்ப் பானையைத் திறந்துவிடுவேன் என்று சந்தேகப்பட்டோ என்னவோ, கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

மாமு உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தார். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால் வாரத்துக்கு இரண்டு தடவை மிஷினோடு படுத்தாக வேண்டும். மூத்திரம் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கிவிடும். அதனால் நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு அரை லிட்டர் பாட்டில்தான் அவர் பங்கு. அதையும் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிப்பார். அந்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரு தடவை தாங்கமாட்டாமல் அடுத்தடுத்து சர்பத்தாகக் குடித்துத் தள்ளியதில், நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டி, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தவர் மறுபடி கடையைத் திறந்தார். ஊருக்கெல்லாம் டீ ஆற்றுவார், தன் நாக்கில் ஒரு சொட்டு வைக்கமாட்டார். அந்த வைராக்கியம் எவ்வளவு பெரியது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது.

அன்றைக்குத் தெரியவில்லை. என் கணக்கில் அவர் நோன்பு வைக்காதவர். பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும், பாட்டிலைத் திறந்து குடிக்கிறவர். "நோன்பே வைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக" என்று அம்மா வருத்தப்பட்டுச் சொன்னபோது, கொடுத்து வைத்த மனுஷன் என்றுதான் தோன்றியது.

ஆனி மாதக் காற்று பஸ்ஸுக்குள் சுழன்று அடித்தது. எச்சில் விழுங்கினால் நோன்பு போய்விடும் என்று பயந்து நான் ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே வந்தேன். சின்னமனூர் தாண்டுவதற்குள் பின் சீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மாமு என் காதில் சொன்னார். "எச்சி முழுங்குனா நோன்பு முறியாது ஆத்தா. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிருக்காக. தைரியமா முழுங்கு." நோன்பு வைக்காதவர் எனக்குச் சட்டம் சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தாலும், முழுங்கிக்கொண்டேன்.

வார்டில் முதலில் எடை பார்த்தார்கள். தண்ணீர் அதிகம் ஏறவில்லை என்று நர்ஸ் அக்கா பாராட்டியதும் மாமு பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அம்மாவைப் பார்த்தார். கையில் தடித்த ஊசி இரண்டு ஏற்றினார்கள். மிஷின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதற்குள் வெள்ளை முடிக்கற்றை மாதிரி என்னவோ அடைத்திருந்தது. மாமுவின் ரத்தம் ஏற ஏற அது சிவப்பாகிக்கொண்டே வந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்துட்டியா? நம்ம டீ வடிகட்டி மாதிரிதான் இது" என்றார் மாமு. "தூளு மேல நிக்கும், டிகாக்சன் கீழ எறங்கும்ல? இதுல ரத்தம் நின்னுக்கிரும், கழிவும் மிஞ்சுன தண்ணியும் எறங்கிரும்."

"அப்ப நெறையக் குடிச்சுட்டு வந்து இதுல வடிச்சுரலாம்ல மாமு?"

மாமு சிரித்துவிட்டார். "அவசரமா உறிஞ்சுனா காலு இழுத்துக்கிரும்த்தா. அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல."

அளவாக உறிஞ்சியும் கடைசி மணி நேரத்தில் கால் இழுத்துக்கொண்டது. கெண்டைச் சதை கல்லாக இறுகி, மாமு பல்லைக் கடித்துக்கொண்டார். அம்மா அவர் பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். நர்ஸ் அக்கா ஓடிவந்து, இன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். நிறுத்தினால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். "வேணாந்தாயி, முழுசா ஓடட்டும்" என்றார் மாமு. வலி அடங்கும் வரை கட்டில் கம்பியை அவர் விடவே இல்லை.

நான் அந்த நேரத்தில் மூலையில் இருந்த தண்ணீர் கேனை விட்டுக் கண்ணை எடுக்கமுடியாமல் இருந்தேன். அதைப் பார்த்துவிட்ட நர்ஸ் அக்கா, பச்சப்புள்ளைதானே என்று ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சின்னமனூருக்கு முன்னாலேயே பொழுது இறங்கிவிட்டது. எங்கோ பாங்கு சொல்வது காற்றில் வந்ததும் அம்மா பேரீச்சம்பழத்தை என் வாயில் வைத்து, பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அண்ணாந்து, மூச்சு விடாமல், சட்டையெல்லாம் வழியக் குடித்தேன். ஜன்னலோரம் சோர்ந்து கிடந்த மாமு நிமிர்ந்து, முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தார்.

"மெதுவா ஆத்தா. மெதுவாக் குடி."

"அண்ணே, நீங்களும் ஒரு வாய்..." என்றாள் அம்மா. மாமு வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருடைய அரை லிட்டர் எப்போதோ காலியாகியிருந்தது. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் ஜெயித்த நாளில் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

"தொண்டையில எறங்கையில எப்படி இருந்துச்சு?" என்று மாமு கேட்டார். ஜில்லென்று இருந்தது என்றேன். எதுவரைக்கும் ஜில்லென்று போனது என்றார். நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அவர் விடவில்லை. முதல் வாய் எப்படி இருந்தது, அடுத்த வாய் எப்படி இருந்தது, நாக்கு எப்போது நனைந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாவம், நோன்பு வைக்காத மனுஷன், தாகம் என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? உத்தமபாளையம் வருகிற வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கிச் சொன்னேன்.