மஞ்சள் தடவிய மனு

யுத்தம் முடிந்த சமயம். அதுவரை எங்கள் தெருவில் அப்பா உட்பட ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது. இனி எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் உண்டு என்று தீவில் எங்கள் ஊரான கான் தெ மாஸ்க்கில் பேசிக்கொண்டார்கள். பெண்களுக்கும் உண்டா, தமிழ் எழுத்துச் செல்லுமா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கோயில் வகுப்பில் தமிழ் படித்த அம்மா, இரண்டும் வேண்டுமென்று சட்டசபை மெம்பருக்கு மனு எழுதினாள். பதினொரு வரி. கையெழுத்திட்ட பெண்கள் பதினேழு பேர். அப்பாவின் அக்காவான என் அத்தை, பதினெட்டு என்று சாகும்வரை சாதித்தாள். நான் இரண்டு முறை எண்ணியிருக்கிறேன், பதினேழுதான்.

நல்ல காரியமாயிற்றே என்று அத்தை காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை கரும்புத் தோட்டங்கள் வழியாக மெம்பர் வீட்டுக்கு மூன்று மைல் நடந்தோம். துணைக்கு அப்பாவும் வந்தார். வழியெல்லாம் அவருடைய கேலிதான்.

"ஓட்டு வந்துட்டா அடுப்பை யாரு ஊதுறது?"

"நீதான் ஊதணும், தம்பி" என்றாள் அத்தை.

மெம்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழ்க் கல்யாணங்களுக்கு நிறையப் போனவர். மஞ்சளைப் பார்த்ததும் முகம் மலர, "மரியாஜ் கான்?" என்றார். கல்யாணம் எப்போது என்று கேட்கிறார். பெண்கள் வாயை மூடிச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"கல்யாணம் இல்லை, மிஸ்யே. ஓட்டு" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னாள். அதன்பின் பேச்செல்லாம் அதிலேயே நடந்தது.

"உங்களில் ஒருத்திக்கும் ஓட்டில்லையே. நான் எதற்குக் கேட்க வேண்டும்?"

"இருந்தால் இவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டோம்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை எழுதியது யார், உன் புருஷனா?"

"அவருக்கு எழுதத் தெரியாது, மிஸ்யே. நான்தான்."

அவர் பென்சிலை நீட்டினார். அம்மா காகிதத்தைத் திருப்பித் தன் பெயரை எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சபையில் அவர் பேசினாரா, தெரியாது. சட்டம் வந்தபோது பெண்களும் அதில் இருந்தார்கள், தமிழும் இருந்தது. அம்மா ஓட்டுப் போட்டாள். எழுதத் தெரியாத அப்பாவுக்கு ஓட்டு வரவில்லை.

என்னை உறுத்துவது அன்று திரும்பிய வழி. போகும்போது அப்பா ஒன்பது முறை கேலி செய்தார். வரும்போது ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் பின்னால் மெதுவாக வந்தார். காலில் முள் தைத்திருக்கும் என்று நினைத்து, வீடு சேர்ந்ததும் ஊசி எடுத்துப் போனேன். அவர் காலை நீட்டினார். இரண்டு பாதத்திலும் தேடினேன். ஒரு முள்கூட இல்லை.