சைவக் குஞ்சுகள்

எனக்குக் கோழிகளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனாலும் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், எங்கள் கொக்குவில் வளவுக்குள் பத்துக் கோழிக்குஞ்சுகளுக்கு நான் தாயாக இருந்தேன். எல்லாம் என் மகளுக்காக.

அவளுக்கு அப்போது எட்டு வயது. நெருப்புக்காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். தோள் எலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிந்தது. தலை வாரினால் மயிர் சீப்போடு வந்தது. தினம் ஒரு முட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை தேறாது என்றார் டொக்டர். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம், கடைகளில் முட்டை கண்ணில் படுவதே அருமை. அதற்கு மேல் எங்கள் வீடு சுத்த சைவம். கலியாணத்துக்கு முன் நான் மீன் சாப்பிட்டவள்தான், வந்த வீட்டுக்காக விட்டுவிட்டேன். மருந்துக்கு முட்டை பரவாயில்லை என்று கணவர் இறங்கி வந்ததே பெரிய காரியம். அவர் மனம் மாறுவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். ஒரு தோட்டக்காரர் வீட்டிலிருந்து பத்துக் குஞ்சுகளைப் பனையோலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுவந்தேன்.

குஞ்சு வளர்ந்து முட்டையிட ஆறு மாதமாகும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக்கூட விசாரிக்காமல் போனதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். சரி, கொண்டுவந்தாயிற்று, வளர்ப்போம் என்று பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து உமி பரப்பினேன். குஞ்சுக்கு வெப்பம் வேண்டுமாம். மின்சாரம் இருந்தால் ஒரு பல்ப் போதும். எங்களுக்கு மின்சாரம் போய் இரண்டு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் விளக்கை எரிப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. சட்டியில் தணலைப் போட்டுச் சாம்பலால் மூடிப் பெட்டிக்குள் வைத்தேன். தணல் கூடினால் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மூலையில் ஒதுங்கின. குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்தன. முதல் கிழமையில் ஒன்று நசிந்து செத்தது. இரண்டாம் கிழமை வெயில் காட்ட வெளியே விட்டேன், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றைக் காகம் கொண்டுபோனது. மிச்சம் எட்டு.

அரிசிக் குறுணல், தவிடு, அரிந்த கீரை, எங்கள் வீட்டுச் சோறு. குறைவில்லாமல்தான் போட்டேன். ஆனால் நாலாம் கிழமை ஒரு குஞ்சின் வால்பக்கம் இரத்தமாக இருந்தது. மற்றவை அதைத் துரத்தித் துரத்திக் கொத்தின. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். மஞ்சளோடு சேர்த்துக் கொத்தின. அடுத்த நாள் அது செத்துப்போனது, மூன்றாம் நாள் இன்னொன்று. மகள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. குஞ்சுகளுக்காக அல்ல, போகிற முட்டைகளுக்காக.

பின்வளவு அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தார்.

"பிள்ளை, உதுகளை நீ சைவமாக்கி வைச்சிருக்கிறாய். மீன் மச்சம் இல்லாட்டில் உதுகள் ஒண்டையொண்டு தின்னத்தான் பாக்கும். கருவாட்டுத் தலையை இடிச்சுத் தவிட்டோடை கலந்து போடு. என்னட்டைக் கிடக்கு, தாறன்."

அன்று பின்னேரம் கணவரிடம் கேட்டேன். கோயிலில் கொடி ஏறியிருந்த நேரம் அது. இருபத்தைந்து நாள் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் சட்டி பானைகூட வேறு.

"கொடி இறங்கட்டும், பாப்பம். அதுவரைக்கும் உந்த நாத்தம் வளவுக்குள்ளை வரப்படாது" என்றார்.

"கொடி இறங்கேக்கை குஞ்சு இருக்காது."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

கத்தவில்லை, கோபிக்கவில்லை. அவர் அப்படித்தான், எதையும் சாந்தமாக மறுப்பார். அந்தச் சாந்தம்தான் எனக்கு விசரைக் கிளப்பும்.

கறையானும் மச்சம்தானே என்று அக்கா இன்னொரு வழி சொன்னார். பழைய பானைக்குள் சாணமும் தேங்காய்ப் பொச்சும் வைத்து நனைத்து, வேலியோரம் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாளில் அடியில் கறையான் மொய்த்தது. குஞ்சுகள் ஓடி ஓடித் தின்றன. கணவர் வேலையால் வந்து, சைக்கிளை நிறுத்தாமலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதுவும் உயிர்தானே?"

"அப்ப எங்கடை பிள்ளை?" என்று கேட்டேன். அவர் கால் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு கொத்துவது நின்றது. ஆறு குஞ்சுக்கும் இறகு மினுங்கத் தொடங்கியது. ஒரு பானைக் கறையான் இவ்வளவு வேலை செய்யுமா என்று எனக்கே ஆச்சரியம். சந்தித்தவர்களிடமெல்லாம் கறையான் மகிமையை அளந்தேன். மகளின் கன்னத்திலும் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. காய்ச்சலின் களை போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகள் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். கையில் ஒரு சிரட்டை. என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாங்கிப் பார்த்தேன். இடித்த கருவாட்டுத் தூள்.

"எத்தினை நாளாய்?"

"அந்தக் குஞ்சு செத்த நாளிலையிருந்து. பின்வளவு மாமியிட்டை நான்தான் கேட்டனான்."

அவளுடைய விரல்களை மணந்து பார்த்தேன். அது கருவாடு மட்டுமல்ல. பொரித்த மீன்.

"நீயும் சாப்பிட்டனியோ?"

தலையைக் குனிந்தாள். "மாமி சோறு தந்தவ. ஒவ்வொரு நாளும் தாறவ. அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா."

எனக்கு முதலில் வந்தது கோபம். அக்காமீது, பிள்ளைமீது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மிச்சமிருந்தது வெட்கம் மட்டும். குஞ்சின் தீனுக்காகக் கணவரோடு அவ்வளவு வாதாடிய நான், எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளையின் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு மீன் வைக்க வேண்டும் என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்படி ஒன்று கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எட்டு வயதுப் பிள்ளை குஞ்சுகளுக்குக் கேட்டாள், பக்கத்து வீட்டு மனுசி என் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

அவளைக் கிணற்றுக் கட்டில் இருத்தி, சாம்பலும் தேசிக்காயும் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன். வாயையும் கொப்புளிக்கச் செய்தேன். கணவர் வருகிற நேரம்.

"நாளைக்கும் போகட்டோ அம்மா?"

கொடி இறங்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

"போ" என்றேன். "வந்தவுடனை இஞ்சை கிணத்தடிக்கு வா."