பொங்கல் விழாவில் ஒரு கிரேக்கப் பழி

பழி வாங்கத்தான் அந்த நாடகத்தை எடுத்தேன். கலைத் தாகம், தமிழ்த் தொண்டு என்று மைக்கில் ஏதேதோ சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் சுத்தப் பொய். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய தலைவர் என்ற முறையில் என் கணவர் பொங்கல் விழாவில் முதல் வரிசையில் வந்து உட்காருவார். அத்தனை பேர் முன்னால் அந்த முகம் ஒரு தடவையாவது சுருங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நல்ல வங்கி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் புனே வந்தவள் நான். காய்க்காரியிடம் அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்கக்கூட எனக்கு அப்போது பாஷை கிடையாது. அவர் கம்பெனியில் ஒவ்வொரு படியாக ஏறினார். நான் வானவடியில் இருந்த எங்கள் வீட்டில் சங்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் தோசை வார்த்துப் போட்டேன். தலைவர் வீட்டு அம்மா கை மணமே தனி என்றார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவளோடு தலைவர் வேறு வீட்டுக்குக் குடி போய்விட்டார்.

போனதுகூடப் போகட்டும். "ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தாங்க பிரிஞ்சோம்" என்று சங்கத்தில் சொல்லி வைத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேசினோமாம்! சூட்கேஸ் ஜிப்பை இழுத்துக்கொண்டே அவர் பேசினார், நான் நின்று கேட்டேன். சங்கத்தார் அதை நம்பி, "ரொம்ப மெச்சூர்டா ஹேண்டில் பண்ணியிருக்கீங்க" என்று என்னிடமே வந்து பாராட்டினார்கள். அப்புறம் வக்கீலிடமிருந்து ஒரு மனு வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் தாயிடம். தகப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை. ஃபிரிட்ஜும் சோபாவும் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்ன மாதிரியேதான் பிள்ளைகளையும் சொல்லியிருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமலேயே அவர் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு வந்து பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியவளுக்குப் பதினான்கு வயது. அவள் அப்பாவைத் திட்டித் தீர்த்து ஆற்றிக்கொள்வாள். சின்னவளுக்கு ஒன்பது. அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் முதல் காரியமாக வாசலில் என் செருப்பு கிடக்கிறதா, ஆணியில் ஸ்கூட்டர் சாவி தொங்குகிறதா என்று பார்ப்பாள். இரண்டும் இருந்தால்தான் ஷூவைக் கழற்றுவாள். அப்பாவுடைய செருப்பும் சாவியும் காணாமல் போன நாளிலிருந்து இது நடக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு பயம், நானும் போய்விடுவேன் என்று. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

கல்லூரியில் இலக்கியம் படித்தபோது பாடமாக வந்த பழைய கிரேக்க நாடகம் அது. புருஷனுக்காகப் பிறந்த நாட்டை விட்டு வந்தவள் ஒருத்தி. காரியம் முடிந்ததும் அவன் ராஜா மகளைக் கட்டப் போகிறான். இவள் புதுப்பெண்ணுக்கு விஷம் தோய்த்த ஆடையை அனுப்பிக் கொல்கிறாள். கடைசியில் அவனைப் பழிதீர்க்கத் தன் இரண்டு பிள்ளைகளையும் தானே கொன்றுவிட்டு ரதமேறிப் போகிறாள். பத்தொன்பது வயதில் படித்தபோது, இப்படியும் ஒரு பொம்பளையா என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன். நாற்பத்து மூன்றில் அதையே தேடி எடுத்துத் தமிழில் எழுதினேன்.

சங்கத்துச் செயலாளர் திருநெல்வேலிக்காரர். கணக்குத் துறையில் ஓய்வு பெற்று நாற்பது வருடமாக இங்கேயே இருப்பவர். கதையைக் கேட்டதும் கையை உதறினார். "பொங்கலும் அதுவுமா பெத்த பிள்ளையைக் கொல்லுதாளா? ஜனங்க சும்மா இருப்பாங்களாம்மா? வேற நாடகம் பாருங்க."

"கிரேக்கக் கதைங்க சார். நம்ம சாமி கதை இல்லீங்க."

"யாரு கதையா இருந்தா என்ன? ஜரா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நல்ல நாளு, சுபமா முடியணும்லா."

புதுப்பெண்ணைக் கொல்லலாமாம். அதற்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைகள் சாகக்கூடாது. இதற்குள் செய்தி பரவி, எந்த அம்மாவும் தன் பிள்ளையை நடிக்கத் தர மாட்டேனென்றுவிட்டாள். சாகாவிட்டாலும் சாகிற கதையாம், தை மாதத்தில் அபசகுனமாம். சரி என்று என் பிள்ளைகள் இருவரையுமே போட்டேன். முடிவையும் மாற்றினேன். அந்தப் பெண் பிள்ளைகளைக் கொல்லாமல் கூட்டிக்கொண்டு ரதமேறிப் போவதாக எழுதிக் காட்டினேன். செயலாளருக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் சங்கத்து இளசுகளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. எழுதிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அதனால் நான் ஒவ்வொருவர் வசனத்தையும் பேசி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்புவேன், அவர்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். என் பிள்ளைகளும் அப்படித்தான். அந்தப் பெண்ணாக நடிப்பது நான்தான். கடைசிக் காட்சியில் நான், "என் பிள்ளைகளை யாருக்கும் தரமாட்டேன். ஏறுங்கள் ரதத்தில்!" என்பேன். அதுதான் அவர்கள் ஓடிவந்து ஏற வேண்டிய அடையாளம். தாபோடியிலிருந்து சங்கத்துக்கு வரும் ஒருவர் ஆபீஸ் நாற்காலிச் சக்கரத்தின் மேல் அட்டையும் ஜிகினாவும் ஒட்டி ரதம் செய்து கொடுத்திருந்தார். சின்னவளுக்கு அதில் ஏறிப்போவதுதான் நாடகமே. மூன்று வாரமாக அந்த ஒரு வாய்ஸ் நோட்டைக் குளிக்கிற நேரத்தில்கூடப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கோ அந்த முடிவு தொண்டையில் இறங்கவில்லை. பிள்ளைகளை அவளே கூட்டிப் போனால் அவனுக்கு என்ன தண்டனை? கையை வீசிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போவான். என் வீட்டில் நடந்ததே அதுதானே. யோசித்து யோசித்து இன்னொரு முடிவைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும்தான்.

விழா சனிக்கிழமை மதியம், விஷ்ராந்த்வாடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அவர் வந்தார், தனியாகத்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தார்.

புருஷனாக நடித்தவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. "உன் நன்மைக்காகத்தான் நான் இன்னொரு திருமணம் செய்கிறேன்" என்று அவர் சொன்னதும் ஆம்பிளைகள் வரிசையில் குபீரென்று சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். சிரிங்க சாமி, சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அவனைச் செருப்பாலயே அடி!" என்று கத்தினார். கிரேக்க ஆடைக்குப் பதில் நான் விஷப் பட்டுச்சேலை அனுப்பியிருந்தேன். அதைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனபோது பெண்கள் பக்கம் மூச்சே இல்லை. கட்டிய மாத்திரத்தில் புதுப்பெண் எரிந்து செத்தாள் என்று தூதன் வந்து சொன்னதும் கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு, வருகிறேன் என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சி. ரதம் ஓரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் என் வசனத்துக்காக நிற்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. இருவரையும் முதுகில் கை வைத்து வங்கி அதிகாரி பக்கம் தள்ளினேன்.

"இந்தா, உன் பிள்ளைகள். பத்து மாதம் நான் சுமந்தேன், இத்தனை வருடம் நான் வளர்த்தேன். இனி நீ வளர்த்துக்கொள். காய்ச்சல் வந்தால் நீ விழித்திரு. பசித்தால் நீ ஊட்டு. நான் என் ஊருக்குப் போகிறேன்."

அந்த மனுஷன் பாவம், அடுத்து என்ன என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். நான் ரதத்தில் ஏறவில்லை. மேடைப் படியில் இறங்கி, முதல் வரிசை வழியாக, என் கணவரின் முழங்கால் இடிக்கிற தூரத்தில் நடந்துபோனேன். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. செல்போன் மடியில் கிடந்தது. இது நாடகமில்லை, இவள் நிஜமாகவே செய்தாலும் செய்வாள் என்று அவருக்கு உறைத்துவிட்டது. இரண்டு வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அந்தக் கணத்தை இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

கொலைக்குக் கைதட்டிய கூட்டம் இதற்கு வாயடைத்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு மூன்று பெண்கள் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே வடை வாங்குகிற இடத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிள்ளைங்கள விட்டுட்டுப் போறதாவது? பெத்த மனசு கேக்குமா?"

"நெசக் கதையில கொன்னே போடுவாங்க்கா."

"அதுகூடப் பரவால்ல" என்றார் அந்த அம்மா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அதற்கும் சிரித்தேன். நாள் முழுக்க நான் கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். படியிறங்கிய பிறகு ஒரு தடவைகூட மேடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தள்ளியதும் சின்னவள் ரதத்துக்கே ஓடி அதில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றாள் என்றும், திரை விழுந்தும் காலை எடுக்கவில்லை என்றும், தான்தான் இழுத்துக்கொண்டு வந்ததாகவும் பெரியவள் பிறகு சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் சின்னவள் ஸ்கூட்டரில் என் இடுப்பைப் பிடித்த பிடி வலித்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வெற்றி மயக்கம்.

மறுநாள் காலை பால் வாங்கக் கீழே இறங்கலாம் என்று பார்த்தால் செருப்பைக் காணோம். ஆணியில் சாவியும் இல்லை. பெரியவள் தங்கையின் பள்ளிப் பையைக் கண்ணால் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையில் பை தோளில் மாட்டியபடி சின்னவள் ஹால் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போவதற்குள் மணி அடித்தது.

அவர்தான். பத்து மணிக்கு வர வேண்டியவர் எட்டுக்கே வந்திருந்தார். ராத்திரி தூங்கின முகமில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நேத்து நீ சொன்னது நாடகத்துக்குத்தானே?"

"ஏனுங்க, பிள்ளைங்க உங்களுதும்தானுங்களே?"

"வெளையாடாத. கோயம்புத்தூர் போற ஐடியா எதுவும் இருக்கா?" குரலைத் தாழ்த்தினார். "மனுவை நீ சொல்றாப்பல மாத்திரலாம். நானாத்தான் விட்டுட்டுப் போனேன்னே எழுதிக்கலாம். சங்கத்துலயும் வேணும்னா சொல்லிர்றேன். பிள்ளைங்கள மட்டும் எங்க பக்கம் அனுப்பீராத. அவ ஒத்துக்க மாட்டா."

கேட்டீர்களா? எனக்கு வேண்டிய அத்தனையும் என் வாசலில் வந்து கைகட்டி நின்றது. "இன்னொருக்காச் சொல்லுங்க, சரியாக் காதுல விழுகல" என்றேன். அவர் சொன்னார். என் உத்தரவுப்படி, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பிள்ளைகளை அனுப்பிவிடாதே. அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். சின்னவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். இரண்டு தடவையும் கேட்டிருக்கிறாள். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மம்மி, நீ அந்த லைன் சொல்லவே இல்ல."

"எந்த லைன், சாமி?" என்றேன், தெரியாதவள் போல.

"வாய்ஸ் நோட்ல சொன்னியே. நான் வெயிட் பண்ணிட்டே இருந்தேன். நீ சொல்லல. நீ போயிட்ட."

அங்கேயே, வாசற்படியில், அவர் பார்த்துக்கொண்டிருக்க மண்டியிட்டு உட்கார்ந்து அதைச் சொன்னேன். "என் பிள்ளைகளை யாருக்கும் தரமாட்டேன். ஏறுங்கள் ரதத்தில்." அவள் பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சரைப் போலக் கவனமாகக் கேட்டாள்.

"நேத்து சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவர், அப்புறம் வருகிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்த ஆளுக்கு வீசிய கத்தி எந்த வழியாகப் போனது என்பதை மட்டும் பார்த்துவிட்டேன். அந்தக் கிரேக்கத்தியைவிட நான் நல்லவள் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவள் அன்று முழுக்கப் பையைக் கழற்றவில்லை. செருப்பைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பால் வாங்கப் பெரியவள்தான் போனாள்.