சீதனத் துவக்கு

எங்கள் பக்கத்தில் வீடும் பெண்ணுக்குத்தான், வயலும் பெண்ணுக்குத்தான். சம்மாந்துறைக்கு மேற்கே இருந்த வாப்பாவின் வயல் சீதனமாக என் கைக்கு வந்தபோது அதனோடு காவலுக்குத் தங்குகிற ஒரு வாடி, ஒரு தண்ணீர் பம்பு, ஒரு துவக்கு மூன்றும் சேர்ந்து வந்தன. வெள்ளாமைக் காவலுக்கு அரசாங்கம் கொடுத்த துவக்கு வயல்காரரோடுதான் இருக்கவேண்டும். இனி வயல்காரர் நான். அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்து வாங்கிய உத்தியோகத்தர் என்னையும் என் அபாயாவையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சுடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தைக்கத் தெரியும். இதையும் பழகுவன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அது வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்றுக்காகச் செய்த பழைய ரைபிள். இரும்பில் சின்னதாய் ஒரு கிரீடம் பொறித்திருக்கும். பட்டாளம் கழித்துவிட்ட பிறகு யாரோ அதன் குழாயைக் கடைந்து அகலமாக்கி, சன்னத் தோட்டா போடுகிற காவல் துவக்காக மாற்றியிருக்கிறார்கள். என் கைக்கு வந்தபோது அதன் கோலத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் மரப்பகுதிக்கு வேலிப் படலைக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெடித்திருந்த கழுத்தைச் சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஆட்டுக்குக்கூட இதைவிட மரியாதை கொடுப்பார்கள்.

ஒரு நோன்பு மாதம் முழுக்க அஸர் தொழுகைக்குப் பிறகு அதோடுதான் உட்கார்ந்தேன். உடைந்த கண்ணாடித் துண்டால் பெயின்டைச் சுரண்டினேன். தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த வெட்டுத்துணிகளை நூலில் கட்டிக் குழாய்க்குள் விட்டு, துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை இழுத்தேன். கழுத்து வெடிப்பைப் பாலமுனையில் தோணி திருத்துகிற ஓடாவியிடம் கொடுத்து ஒட்டுவித்தேன். பச்சைக்குக் கீழே தேன் நிறத்தில் அருமையான மரம் ஒன்று இருந்தது. அன்று எனக்கு உண்டான சந்தோசத்தில் அயல் வீடுகளுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தனுப்பினேன்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை கல்முனை டவுன்காரர், போன் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்கு வந்தவர். எனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று ஒருநாள் துவக்கு முழுவதும் தேங்காயெண்ணெய் பூசி வைத்துவிட்டார். வெயில் காலத்தில் அது பிசினாகிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது?

"தலைக்கெண்ணெய் வெச்சிட்டீங்க, மறுகா ரிப்பனும் கட்டிவிடுவமா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப்போனது. பாவம். ஆனாலும் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது.

அவருடைய சொந்தக்காரர்களுக்கு அது நல்ல பகிடி. "பொஞ்சாதி ஆனை விரட்டப் போறா, மாப்பிள்ளை வாடிக்குள்ள தேத்தண்ணி ஊத்துறார்" என்று கலியாண வீடுகளில் அவரை வாட்டி எடுப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கமாட்டார். ஒரு போகத்தில், "இந்த முறை நான் சுடுறன் கா. காட்டித் தா" என்றார்.

காட்டிக் கொடுத்தேன். சுடுவது வானத்துக்குத்தான், ஆனைக்கில்லை. சத்தம்தான் நமக்கு வேண்டும். மற்றதையெல்லாம் ஒருமுறை சொன்னேன், ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் போல்ட்டைத் திறக்கக் கூடாது. கதவுத் தாழ்ப்பாளைப் போலப் பின்னுக்கு இழுக்கிற அந்த இரும்புக்குச் சற்று மேலேதான் சுடுகிறவரின் முகம் இருக்கும். ஈரம் குடித்த தோட்டாவில் நெருப்பு உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கலாம். திறந்த பிறகு வெடித்தால் கண் போய்விடும். குழாயை வானத்துக்குப் பிடித்தபடி ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும்.

ஆனை நிற்கும்போது யார் மணிக்கூடு பார்ப்பது? அதற்கு நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பயம் வந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓதுவார்களே, குர்ஆனில் வருகிற அந்த நீளமான ஆயத். அதை ஓதப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாக, ஆறுதலாக ஒருதரம் ஓத ஒரு நிமிடம் ஆகும். "நான் சத்தமாக ஓதுவன். முடிஞ்சாப் பிறகு திறங்க" என்று சொல்லியிருந்தேன். அவரும் ஓம் என்று தலையாட்டினார்.

வெள்ளாமை வெட்ட மெஷின் வருவதற்கு முந்திய பின்னேரம். அஸர் தொழுதுவிட்டு வாடியில் இருந்தோம். காட்டுக்கரைப் பக்கத்துப் பற்றையை விலக்கிக்கொண்டு ஒரு தனியன் வெளியே வந்தது. கொம்பில்லாத, பெரிய ஆனை. பக்கத்து வயல்காரர்கள் யாரும் இல்லை, ஆனையை விரட்டக் கொளுத்திப் போடுகிற ஆனைவெடியும் முடிந்திருந்தது. அவர் துவக்கை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கினார். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

முதல் வெடி நன்றாகப் போனது. ஆனை காதை விரித்தது, நின்றது, ஆனால் திரும்பவில்லை. அவர் அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"வெடிக்கல்ல" என்றார்.

"மேலே பிடிங்க. அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓதத் தொடங்கினேன்.

ஆனை கதிருக்குள் இறங்கியது. பழுத்த வெள்ளாமை அதன் காலுக்குள் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆறு மாத உழைப்பு அது, ஆனால் அந்த நேரம் அதை யார் நினைத்தது? அது எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. துவக்கைப் போட்டுவிட்டு ஓடலாம்தான். போட்டால் குழாய் யாரைப் பார்த்துக் கிடக்கும்? தூக்கிக்கொண்டு அந்தச் சேற்று வரம்பில் ஓடி விழுந்தால்? நான் ஓதி முடித்தேன். அவருடைய கை போல்ட்டுக்குப் போனது. அவர் முகமும் அதை நோக்கிக் குனிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மூச்சு வாங்கியது. ஆறுதலாக ஓதினால் மூச்சு வாங்குமா? பயத்தில் எல்லோரும் ஓதுகிற மாதிரித்தான் நானும் ஓதியிருக்கிறேன், எழுத்தையெல்லாம் விழுங்கி, விழுந்தடித்து. நிமிடத்தில் கால்வாசிகூடப் போயிருக்காது. அல்லாஹ்வே, இந்த மனிசனின் கண்ணை நான் ஓதியே எடுக்கப் பார்த்தேனே!

"திறக்காதீங்க. நான் ஓடி ஓதிட்டன். மறுகா ஓதுறன், கையை எடுங்க."

"விசரா உனக்கு? ஆனை வந்துட்டு."

அவரைப் பிடித்து இழுக்கவும் முடியாது. இழுத்தால் குழாய் சரிந்துவிடும். என்னிடம் வாய் மட்டும்தான் இருந்தது. வீட்டில் எந்த நேரமும் அவரைக் கடிக்கிற அதே வாய். "மச்சான், என்னை நம்புங்க" என்றேன். நம்புங்க என்ற சொல்லை அதற்கு முன் அவரிடம் நான் சொன்னதாக நினைவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனைக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு போல்ட்டிலிருந்து கையை எடுத்தார். முகத்தை மறுபக்கம் திருப்பி, இரண்டு கையாலும் துவக்கை வானத்துக்கு நீட்டிப் பிடித்தார்.

முதலிலிருந்து ஓதினேன். தொண்டை எழுத்தைத் தொண்டையிலிருந்து, நீட்ட வேண்டிய இடத்தை நீட்டி. ஆனை நடுவரம்பில் காலை வைத்தது. அதன் கண்ணோரம் வடிந்த நீர்க்கோடு எனக்குத் தெரிந்தது. ஓடு, ஓடு என்று நாக்கு அடித்துக்கொண்டது. நான் அதை இழுத்துப் பிடித்தேன். அவருடைய சேர்ட் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது, ஆனால் குழாய் கீழே இறங்கவில்லை.

பாதியில் வெடித்தது.

ஆனை ஒரு பிளிறல் போட்டுப் பக்கவாட்டில் திரும்பி, எங்கள் வாடியின் ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு காட்டுக்கரைப் பக்கம் ஓடியது. என் காது அடைத்துவிட்டது. நான் முன்னால் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. மூடியிருந்தார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் துவக்கை இறக்கவில்லை. புகை வந்துகொண்டிருந்த குழாயை அப்படியே வானத்துக்குப் பிடித்தபடி நின்றார்.

"வெடிச்சிட்டு மச்சான். ஆனையும் போயிட்டு. இறக்குங்க."

"நீ இன்னும் முடிக்கல்லியே" என்றார்.

விட்ட இடத்திலிருந்து ஓதினேன். அழுதுகொண்டுதான் ஓதினேன், ஆனால் ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. நான் முடித்த பிறகுதான் அவர் போல்ட்டைத் திறந்தார்.