பலூன்காரரும் மனைவியும் இருந்த பாதி

கலியாணம் முடித்து நாற்பத்தொரு நாள்தான் சேர்ந்து இருந்தோம். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு என் கணவர் வெளிநாடு போய்விட்டார். போர்க்காலத்தில் ஆறு மாதம் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நான் பெட்டியை வைத்தபோது அவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கலியாணப் படங்கள் இடப்பெயர்வில் தொலைந்துபோயின. பதிவுச் சான்றிதழ் மட்டும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் தப்பியது.

அறையில் என்னோடு சாவகச்சேரிப் பெண் ஒருவர் இருந்தார். கனடாவில் இருந்த கணவரிடம் போக இரண்டு முறை விசா கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்று சொல்லப்பட்டவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். விசா விஷயத்தில் அந்த லொட்ஜில் அக்கா வைத்ததுதான் சட்டம். இரண்டு முறை தோற்றவரிடம் போய் எல்லோரும் ஏன் வழி கேட்டோம் என்று இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

என் கணவருக்கு ஒரு மலை உச்சியில் இருந்த உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கம்பியில் தொங்கும் வண்டியில் ஏறித்தான் வேலைக்குப் போக வேண்டுமாம். ஒரு கடிதத்தோடு, போன புதிதில் எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஓர் உயரமான கல்லின் பக்கத்தில் கம்பளிச் சட்டையோடு நிற்கிறார். கல்லில் ஒரு பலூன் செதுக்கி, கீழே இரண்டு பெயர்கள் வெட்டியிருந்தார்கள்.

"இந்தக் கல்லடியில் இருந்துதான் மத்தியானம் சாப்பிடுகிறேன்," என்று எழுதியிருந்தார். "இந்த மலைகளுக்கு மேலால் முதன்முதலில் பலூனில் பறந்த மனிதருக்கு வைத்த நினைவுக்கல். இரண்டாவது பெயர் அவருடைய மனைவியுடையது. அவ ஒருநாளும் பறக்கவில்லை என்று எங்கள் சமையல்காரர் சொன்னார். காற்று அவரை எந்தப் பக்கம் கொண்டுபோகிறதோ, அந்தப் பக்கம் கீழே தெருவால் காரில் பின்னால் போவாவாம். அவர் எங்கே இறங்கினாலும் அங்கே அவ நிற்பாவாம். அதைக் கேட்டபோது உம்மை நினைத்தேன்."

எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்குப் பின்னால் போகக் கீழே ஒரு தெரு இருந்தது. என்னுடைய தெரு லொட்ஜ் வாசலிலிருந்து, எங்களைப் பதியும் பொலிஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடும். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை.

ஒருநாள் மத்தியானம் பக்கத்து லேனில் ஆமி செக்கிங் என்று கதை வந்தது. உடனே அக்கா என் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். லொட்ஜில் அது வழக்கம். அவரவர் பெட்டியை அவரவர் பார்த்தால் கண் தப்பிவிடும் என்று ஒருவர் பெட்டியை மற்றவர் பார்ப்போம். படம் வெளியே வந்தது.

"இதென்னடி கல்லு?"

"நினைவுக்கல் அக்கா. பலூனில பறந்த ஆளுக்கு."

"விசரே உனக்கு? நினைவுக்கல்லையும் வைச்சுக்கொண்டு, பறந்தவர் எண்டும் சொல்லப்போறியோ? இஞ்ச ஆர் அதை நம்புவினம்?"

வடக்கிலிருந்து வந்தவளின் பெட்டியில் நினைவுக்கல் இருந்தால் அது யாருக்கு வைத்தது என்று கேட்கவே மாட்டார்கள், இயக்கத்தில் செத்தவருக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை நெடுகவும் வெட்டினேன். கல் இருந்த பாதியையும் அந்தக் கடிதத்தையும் குசினி அடுப்பில் எரித்தேன். அவர் நின்ற பாதியை எரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அரை மணித்தியாலத்தில் வந்தார்கள். ஒரு சின்னப் பெடியன்தான் என் பெட்டியைக் கிளறினான். பாதிப் படத்தைத் தூக்கி, "மஹத்தயாத?" என்று கேட்டான். சிங்களத்தில், கணவரா என்கிறான். "ஓவ்" என்றேன். பவ்வியமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு மாதத்தில், நான் விசா கேட்டிருந்த தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இருப்பதையெல்லாம் கொண்டுபோ என்றார் அக்கா. கொண்டுபோனேன். வெள்ளைக்கார அம்மா ஒருவர் கேட்க, பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். கடிதங்கள், சான்றிதழ் எல்லாம் பார்த்த அம்மா பாதிப் படத்தை எடுத்து, வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இந்தப் பக்கத்தில் நின்ற பெண் யார் என்று கேட்கிறா."

"பெண் இல்லை. கல்லு."

மொழிபெயர்த்தவரே என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "கல்லை ஏன் வெட்டினீங்கள்?"

"பயத்தில."

"கல்லுக்கு என்ன பயம்?"

முன்பின் தெரியாத ஆளிடம் அதை எப்படி விளக்குவது? என் கணவருக்கு அங்கே இன்னொருத்தி இருக்கிறாள், அவளை நான் வெட்டி எறிந்துவிட்டேன் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். முழுப் படத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைக்கு அவருடைய கோல் வந்தது.

"இஞ்சேருங்கோ, நான் கல்லை வெட்டிப்போட்டன்," என்று அழுதேன்.

அவர் கோபிக்கவில்லை. "பனி விழுந்திட்டுது. மேல எல்லாம் பூட்டியாச்சு. கல்லு இப்ப பனிக்குள்ள. கரையட்டும், எடுத்து அனுப்புறன்," என்றார்.

பனி கரைவதற்காக வெள்ளவத்தையில் வேர்த்துக்கொண்டு காத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புதுப் படம் வந்த அன்று அக்காவும் நானும் மாறிமாறிக் கல்லைத்தான் பார்த்தோம். பலூன் தெரிகிறதா, இரண்டு பெயரும் வாசிக்க முடிகிறதா என்று. எல்லாம் சரி. ஆனால் அடுத்த நேர்முகம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் சென்றது.

அதே அம்மா. இரண்டு படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கல்லைப் பார்த்துச் சிரித்தார், தன் கையாலேயே ஒரு பலூனும் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு பழைய படத்தில் இருந்த ஆளிலும் புதுப் படத்தில் இருந்த ஆளிலும் விரலை மாறிமாறி வைத்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தானோ என்று கேட்கிறா."

அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். பழைய படத்தில் சுருட்டைத் தலைமயிர். புதியதில் நெற்றி பாதித் தலைவரை ஏறியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். கன்னம் வற்றியிருந்தது. நான் இவரோடு நாற்பத்தொரு நாள் இருந்தவள். அந்த நாட்களில் வெட்கத்தில் அவரை நிமிர்ந்து பார்த்ததே கொஞ்சம். இது அவர்தானா? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

மொழிபெயர்த்தவர் இரண்டாம் முறை கேட்டார். "ஓம், என்ர அவர்தான்," என்றேன்.

அம்மா கையெழுத்து வைத்தார்.

கொள்ளுப்பிட்டி பஸ் தரிப்பில் நின்று நான் அழுத அழுகைக்கு, விசா கிடைக்கவில்லை என்று நினைத்து ஒரு முஸ்லிம் அம்மா தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்தார். கிடைத்துவிட்டது என்று சொல்லாமலே அதை வாங்கிக் குடித்தேன்.

அந்த ஞாயிறு கோல் வந்தபோது அவர் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் கதைத்தார். அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னார், குளிர்ச் சட்டை தான் கொண்டுவருவதாகச் சொன்னார், எத்தனை மணிக்கு பிளேன் என்று மூன்று தரம் கேட்டார்.

"எயார்போர்ட்டில என்னைக் கண்டுபிடிப்பீரோ?" என்றார் சிரித்துக்கொண்டு.

"ஒரு மட்டையில என்ர பேரை எழுதிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ," என்றேன்.

அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.