தட்டுக்கு வழிவிட்ட மரங்கள்

எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று போன் போட்டால், அந்தப் பக்கம் எடுக்காதபோது ஒரு பெண் மலையாளத்தில் வருத்தம் சொல்கிறாள். அதே போனோடு பின்பக்கத்துப் பாறையில் ஏறினால் இன்னொருத்தி தமிழில் சொல்கிறாள். இரண்டுக்கும் நடுவில் மிளகு காயப்போடும் களம் மட்டும்தான். போடியிலிருந்து வந்த என் மச்சான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருசமாக என் பிழைப்பே அப்படித்தான். இங்கே கேரளத்துக் கடைவீதியில் என் பெயர் பாண்டி, தமிழனுக்கு அவர்கள் வைத்த பட்டம். போடிப் பக்கம் என் சொந்த ஊர் சிலமலையில் ஒரு சாவுக்குப் போய் உட்கார்ந்தால், “மலையாளத்தான் வந்துட்டாரு, கட்டஞ்சாயா கொண்டாங்கப்பா” என்று பந்தலிலேயே நக்கல்.

நான் மூன்றாவதோடு படிப்பை விட்டவன். போடியில் விடியுமுன் கூலியாட்களை ஏற்றும் ஜீப்பில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துத் தொங்கிக்கொண்டு போடிமெட்டு தாண்டி வந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். இன்றைக்கு எனக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. பச்சைக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, காய்ந்தால் எந்தத் தரத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். ஏலம் வெயிலும் வேண்டாம் என்னும், இருட்டும் வேண்டாம் என்னும். மேலே நிற்கும் மரத்தின் கிளைகளை எவ்வளவு கழிக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் விவசாயமே இருக்கிறது. அந்தக் கணக்கில் இந்தச் சரிவில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. மலையாளிகளே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்களும் என்னைப்போல் மலையேறி வந்தவர்களும் இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் மகன் பிரபு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒரே பிள்ளை. எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. தோட்டத்தைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். போன வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன், அவனாகவே வாயைத் திறந்தான். “கம்பெனியில வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னுட்டாங்கப்பா. இங்க நல்ல நெட்டு இருந்தா வந்துர்றேன். காலையில தோட்டம், மத்த நேரம் லேப்டாப்பு.” அவன் அம்மா செல்லத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. நான் கேட்டேன்: “நெட்டுதான? அது என்ன, மலையா? கொண்டாந்துருவோம்.”

எங்கள் சரிவுக்கு ஒயர் வராது. போனில் பேச்சு வரும், படம் வராது. ஒரே வழி, தொலைவில் இருக்கும் டவரைப் பார்த்து வீட்டின் மேல் ஒரு தட்டு வைப்பது. தட்டுக்கும் டவருக்கும் நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. முதலில் இங்கத்துக் கம்பெனி ஆள் பினு வந்தான். கூரையில் ஏறிப் பார்த்தான். இறங்கி வந்து, “மரத்தின்டெ மீதே வேணம் அண்ணாச்சி” என்றான். மரத்துக்கு மேலே போக வேண்டுமாம். இரும்புக் கோபுரம், நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பி, இடி இறங்கத் தனிச் செம்புக் கம்பி, கான்கிரீட் அடி. எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் போகும் என்றான்.

பாண்டிக்காரன் கையில் காசு இருக்கிறது என்று ஏற்றிச் சொல்கிறான், எனக்குத் தெரியாதா? பெரிய லோடு ஏலக்காய்க்கே விலை பேசுகிற ஆள் நான். அப்போது வைகாசி. மழைக்கு முன்னால், ஏலத்துக்கு நிழலாக நிற்கும் பலா மரங்களையெல்லாம் கிளை கழித்து விட்டிருந்தேன். இடைவெளி வழியாகக் கீழே போடி பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டி, “எதுக்குய்யா மீதே? நேராத்தான தெரியுது” என்றேன்.

அவன் மரத்தைப் பார்த்தான். “இது வளரும், கேட்டோ.”

“என் தோட்டத்து மரம் நான் சொன்னாத்தான் வளரும்” என்றேன். அவனுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து, போடியில் நெட்டு கனெக்சன் கொடுக்கும் குமரேசனைக் கூப்பிட்டேன். தூரத்துச் சொந்தம், முறைக்கு மாப்பிள்ளை. ஏறிப் பார்த்ததும் குதித்தான். “மாமா, நம்ம டவரு கண்ணுக்கு நேரா நிக்குது. கோபுரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். பத்தடி பைப்பு போதும். நம்ம ஊரு நெட்டு மாமா, நம்ம வீட்டுக்கே வருது!” அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். மலையாளத்து மண்ணில், என் வீட்டுக்கு, போடியிலிருந்து நெட்டு. பதினைந்தாயிரத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நோட்டீசில் போட்டிருப்பது மாதத் தொகை மட்டும். தட்டுக்குத் தனி. வீட்டுக்குள் மினுக்கும் ரௌட்டர் பெட்டிக்குத் தனி. தட்டுக்குக் கரண்டு கொடுக்கிற சின்னப் பெட்டி, மீட்டர் கணக்கில் ஒயர், பைப்பு, கிளாம்பு. இரண்டு பேர் ஏறிக் கட்டுவதற்குக் கூலி, அவர்கள் போடியிலிருந்து ஏறி இறங்க ஜீப்பு. மழையில் கரண்டு அடிக்கடி போய்விடும் என்பது கட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, அதனால் இன்வெர்ட்டர், பேட்டரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இவ்வளவும் கொடுத்த பிறகு, தட்டு கம்பெனிச் சொத்து மாமா, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றான். பினு சொன்ன தொகையில் பாதியைத் தாண்டிவிட்டது. போகட்டும், பிள்ளைக்குத்தானே என்று இருந்தேன்.

ஆனியில் பிரபு வந்தான். காலையில் என்னோடு தோட்டத்துக்கு இறங்கினான். எந்தச் சரத்தில் காய் முற்றியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்கப் பழகினான். பத்து மணிக்கு வீட்டுக்கு ஏறிப்போய் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீசில் பேசுவான். செல்லத்தாய் சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சொல் புரியாது அவளுக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் நான் சொல்லாத நாளில்லை: என் பையன் பெங்களூர் வேலையை என் ஏலத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறான்.

மழை குடித்த பலா சும்மா இருக்குமா? ஐப்பசியில் இடைவெளி முழுக்க இலை. முதலில் படம் நின்றது, பிறகு பேச்சு விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் பிரபு கதவைத் திறந்துகொண்டு முகம் வெளிறி வந்தான். “முப்பது பேர் முன்னால வச்சு மேனேஜர் கேக்குறான்ப்பா, நீ வேலை பாக்குறியா காட்டுல மேயுறியான்னு.” குமரேசன் வந்து பார்த்துவிட்டு, “எனக்கென்ன மாமா தெரியும், நான் கீழ்நாட்டு ஆளு. மரத்தப் பத்தி நீங்கதான சொல்லணும்” என்றான். நறுக்கென்று இருந்தது. இந்தச் சரிவில் கிளைக் கணக்கு தெரிந்த ஒரே ஆள், கிளை கழித்த மாதத்தில் நின்று டவர் பார்த்திருக்கிறேன். பினுவிடம் போகலாம். ஆனால் அந்த மழையில் யார் கோபுரம் நடுவார்கள்? அதோடு, அவனிடம் போய் என்னவென்று நிற்பேன்?

“வெட்டி விடுங்க” என்றாள் செல்லத்தாய்.

“இப்ப வெட்டுனா கோடையில செடி கருகும்டி. நிழல் வேணும்.”

“செடி கருகுனா மறுபடி நடுவீக. பிள்ள போயிட்டா?”

ஆள் விடவில்லை, நானே நின்று வெட்டினேன். வீட்டிலிருந்து சரிவு முடியும் வரை, தட்டு பார்க்கும் நேர்கோட்டில் இருந்த அத்தனை பலாவையும் மொட்டையடித்தேன். வெட்டுவாயில் மழைத் தண்ணீர் இறங்கி இரண்டு மரம் பட்டே போனது. ஆனால் நெட்டு வந்தது. பிரபு மறுபடி சிரித்தான்.

தை பிறந்ததும் கம்பெனி, எல்லாரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதுவும் அதே நெட்டு வழியாகத்தான் வந்தது. “கொஞ்ச நாள்தான்ப்பா, கேட்டுப் பாக்குறேன்” என்று பெட்டியை எடுத்தான். போடியில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மாசி, பங்குனி வெயில் இறங்கியது. தோட்டம் முழுக்கப் பச்சையாக இருக்க, அந்தக் கோடு மட்டும் வைக்கோல் நிறமாகக் காய்ந்தது. என் வாசலில் தொடங்கி போடியைப் பார்த்து இறங்குகிற கோடு. பார்க்கிறவர்கள், “எந்தா பாண்டி, வழி வெட்டியோ?” என்று கேட்கிறார்கள். ஊருக்குப் பாதை போட்டாயா என்று அதற்கு அர்த்தம்.

பட்டுப்போன இடத்தில் வைக்கப் பலாக்கன்றுகள் வாங்கி வந்தேன். ஜீப்பிலிருந்து இறக்கும்போது செல்லத்தாய் ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பிரபுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் படத்தோடு பேசுகிறான். அவள் எழுந்து வந்து கன்றுகளைப் பார்த்தாள்.

“இத நட்டா அவன் மொகம் தெரியுமா?”

“மத்த மரத்தத் துளிர விடாமப் பாத்துக்கிட்டா, மூணு வருசத்துக்குத் தெரியும்.”

“அதுக்குப் பெறகு?”

கன்றுகளைக் குழாயடியில் நிழல் பார்த்து இறக்கி வைத்தேன். மழை வந்ததும் முடிவு செய்யலாம் என்று விட்டேன். மழை வந்து, ஓய்ந்தும் விட்டது. வாடக் கூடாதே என்று தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறோம். நேற்று ஒன்றை நகர்த்தப் பார்த்தேன், வரவில்லை. பையின் அடியைக் கிழித்துக்கொண்டு, வைத்த இடத்திலேயே வேர் இறங்கிவிட்டது. இழுத்தால் அறும். கையை எடுத்துவிட்டேன்.