தானாக நிற்காத மோட்டார் சைக்கிள்

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னர், வேலைக்குப் புறப்படுவதற்காகச் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"நீங்கள் நிமலனோ?"

"ஓம்."

"யோகராசா எண்டவர் உங்களுக்கு என்ன வேணும்?"

பேசியவர் திருகோணமலை ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சின்னதில்லை. பதினொரு வருடங்களாக அவரை 'யோகண்ணை' என்று கூப்பிட்டவன் நான். அண்ணை என்று பஸ் கொண்டக்டரையும்தான் கூப்பிடுகிறோம். அதை ஆஸ்பத்திரிக்கு உறவாகச் சொல்ல முடியுமா? "கூட வேலை செய்யிறவர்" என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றுவரை எனக்கு என்மீதே கோபம்.

அன்று யோகராசா அவர்களுக்கு ஓய்வு நாள். மெல்லிய கம்பி வாங்குவதற்காகப் பட்டணத்து இரும்புக்கடைக்குப் போயிருக்கிறார். மிச்சக் காசுக்குக் கையை நீட்டியவர் அப்படியே கீழே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. சட்டைப்பையில் நிரப்பிய படிவம் ஒன்று இருந்ததாம். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்று அதில் என் பெயரும் இலக்கமும்தான் இருந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகப் பக்கத்தில் லொறிகளை நிறுக்கும் தராசு மேடை ஒன்று இருக்கிறது. லொறி வெறுமையாக ஒருமுறை ஏறும், சுமையோடு ஒருமுறை ஏறும். பக்கத்துச் சின்ன அறையில் இருப்பவர் நிறையைப் பார்த்துத் துண்டுச்சீட்டு அடித்துக் கொடுப்பார். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை அந்த அறையில் யோகண்ணை. இரண்டு மணியிலிருந்து நான். அறைக்கு ஒரேயொரு கதிரை. அவர் எழும்ப நான் இருப்பேன், கதிரை சுடும். அவர் கைகழுவி, சட்டை மாற்றி, வெளிக்கிடும் அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் சினேகம். பதினொரு வருடங்களையும் நாங்கள் பத்துப் பத்து நிமிடமாகத்தான் கதைத்துத் தீர்த்தோம்.

பாலையூற்றில் தனியே இருந்தார். திரியாயில் தங்கை ஒருவர். கலியாணப் பேச்சை யாராவது எடுத்தால், "லொறி வருது" என்று எழும்பிவிடுவார். லொறி வராது.

போன வருடம் ஒரு நாள் இரண்டு மணிக்கு நான் வந்தபோது, தராசு மேடையில் லொறிக்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இருநூற்றைம்பது சீசீ, பழசுதான், ஆனால் வடிவானது. யோகண்ணை அறைக்குள் இருந்து எட்டிப்பார்த்தார்.

"நிமலன், நூற்றி எண்பது காட்டுது. குறைக்க வேணும்."

"எதை அண்ணை?"

"இதை ட்ராக்குக்கு மாத்தப்போறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். உட்துறைமுக வீதியில் சைக்கிள்காரர்களே முந்திப்போகும் வேகத்தில் ஓடுபவர். பந்தயமா என்று கேட்டேன். பந்தயம் இல்லையாம். பதிவு செய்துவிட்டு, மூடிய வட்டப் பாதையில் அவரவர் பாட்டுக்கு ஒரு நாள் ஓடுவதாம். முன்னுக்கு வந்தவருக்குக் கிண்ணமும் இல்லை, பின்னுக்கு வந்தவருக்கு வெட்கமும் இல்லையாம்.

"உங்களுக்கேன் அண்ணை உந்த விளையாட்டு?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: "பதினேழு வயசில மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கினனான். சீனன்குடாவுக்குப் போறதெண்டா எத்தினை ஆமிச் சென்றி, எத்தினை சோதனை? ஒவ்வொண்டிலயும் இறங்கித் தள்ளவேணும், திரும்ப ஏறவேணும். இப்ப சென்றி இல்லை. ஆனா சந்தி வந்தா என்ட கால் தானா பிரேக்கை மிதிக்குது. நிப்பாட்டச் சொல்ல ஆளில்லாத ரோட்டில ஒருக்கா ஓடிப் பாக்கவேணும் நிமலன். ஒரு நாள் காணும்."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளை ட்ராக்குக்கு மாற்றுவது என்பது பெரும்பாலும் கழற்றும் வேலை. முதலில் கண்ணாடிகள், பிறகு சிக்னல் விளக்குகள், நம்பர் பிளேட், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கம்பிகள், பின் இருக்கை. "பின்னால ஏற ஆளிருந்தாத்தானே" என்று அதைக் கழற்றும்போது சொன்னாராம். சொன்னதையும் அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். ட்ராக்கில் யாருடைய வண்டியில் இருந்தும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பாதையில் விழக்கூடாது. ஆகவே எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் துளையிட்டு, அது கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். அந்தத் துளைக்காக எத்தனையோ துளையிடும் ஊசிகளை உடைத்தார். ரேடியேட்டரிலும் வெறும் தண்ணீர்தான் இருக்கலாமாம், வழக்கமாக விடும் குளிர்விக்கும் திரவம் சிந்தினால் வழுக்குமாம்.

ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற எங்கள் மேடையில் ஏற்றி நிறுத்தார். அதில்தான் எங்கள் புத்தி தெரிந்தது. லொறித் தராசு இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். இருந்தும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏற்றுவோம், நூற்றி எண்பது. விளக்கைக் கழற்றிவிட்டு ஏற்றுவோம், அதே நூற்றி எண்பது. உலகத்தில் வேறு யாரும் சந்தைத் தராசைத் தேடிப் போயிருப்பார்கள். நாங்கள் மேடையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினோம். கழற்றிய சாமான்களையும் தனியே வைத்துத் துண்டு அடித்தார். எல்லாத் துண்டிலும் பூச்சியம். சின்னச் சாமான்களை அந்தத் துண்டுகளோடு கட்டி, கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு வைத்தாராம்.

கடைசியாகக் கழற்றியது, வண்டியைச் சாய்த்து நிறுத்தும் பக்கத்து ஸ்டாண்டை. வளைவில் சரியும்போது அது நிலத்தில் உரசினால் ஆளையே தூக்கி எறியும் என்றார். அதைக் கழற்றிய அன்றுதான் தராசு குதித்து நூற்றி அறுபது காட்டியது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

ஆனால் அன்றிலிருந்து அந்த மோட்டார் சைக்கிள் தானாக நிற்காது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த இரும்புத் தாங்கி ஒன்றை ஒட்டுவித்தார். அதில் ஏற்றுவதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, மற்றவர் தாங்கியை அமத்த வேண்டும்.

"சனிக்கிழமை ட்ராக்குக்கு நீங்கள் வரவேணும் நிமலன். பிடிக்க ஆள் வேணும்."

"வாறன் அண்ணை" என்றேன்.

போகவில்லை. ஒரே கதிரைக்காரர் இருவரும் ஒரே நாளில் விடுமுறை எடுப்பதென்றால் மேலாளரிடம் கேட்க வேண்டும். அவர் ஆயிரம் கேள்வி கேட்பார். இந்தக் கதையை எப்படி அவருக்குச் சொல்வது? வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, "லீவு கிடைக்கேல்ல அண்ணை" என்றேன். உண்மையில் நான் கேட்கவேயில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கொழும்புக்கும் அங்கால், நாட்டின் அடுத்த கரையில் இருந்தது அந்தப் பாதை. சின்ன லொறியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனார். சாரதி இறக்கிக் கொடுத்துவிட்டுத் தன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை கதிரையிலிருந்து எழும்பும்போது யோகண்ணை மேசையைப் பிடித்தார். தொடை இரண்டும் பிடித்துக்கொண்டனவாம்.

"எப்பிடி அண்ணை இருந்தது?"

"ஓட்டம் சொல்லி வேலையில்லை. நிண்ட நேரம்தான் கஷ்டம்."

இருபது நிமிடம் ஓட்டம், நாற்பது நிமிடம் ஓய்வு, நாள் முழுக்க அப்படித்தானாம். ஓய்வில் மற்றவர்கள் வண்டியைத் தாங்கியில் ஏற்றிவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். இவருக்கு இறங்க ஏலாது. இறங்கினால் வண்டி விழும். வெயிலுக்குள், ஓட்டத்துக்குப் போடும் தடித்த தோல் உடுப்போடு, இரண்டு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே இருந்திருக்கிறார்.

"பக்கத்தில நிண்டவையைக் கேட்டிருக்கலாமே."

"எனக்குச் சிங்களம் லொறிக் கதை மட்டும்தானே வரும். நம்பர் என்ன, சாமான் என்னண்டு. 'என்னைக் கொஞ்சம் பிடியுங்கோ'வெண்டு கேக்கத் தெரியாது." சிரித்தார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய லீவுக் கொப்பியைப் பார்த்தார். "அடுத்த முறை அதில எழுதுங்கோ. வாயால கேட்டா அவை மறந்திடுவினம்."

நான் வாயாலும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தப்ப ஒரு வழி விட்டுத்தான் அப்படிச் சொன்னார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு லொறி வந்தது, துண்டு அடிக்கக் குனிந்துவிட்டேன்.

இந்த வருடம் ட்ராக்கில் ஓடுவதற்கு அடுத்த திகதியை அறிவித்தார்கள். கொப்பியில் எழுதினேன். மேலாளர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். யோகண்ணை அந்தப் பக்கத்தைப் படித்தார். அன்று மட்டும் இரண்டு மணிக்குப் பிறகு அரை மணித்தியாலம் அறையிலேயே நின்றார். போகிற வழியில் லொறிக்குள் வைத்து உண்மையைச் சொல்லிவிடுவதென்று நான் முடிவு செய்திருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பதினொரு நாட்கள் இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

திரியாயில் தங்கை வீட்டிலிருந்துதான் அவருடைய பிரேதத்தை எடுத்தார்கள். சனம் குறைவு. நான் ஒரு ஓரமாக நின்றுவிட்டு இரண்டு மணி வேலைக்குத் திரும்பினேன். கதிரை குளிர்ந்திருந்தது.

எழுதிக் கொடுத்த விடுமுறையை நான் திருப்பி எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பாலையூற்றுக்குப் போனேன். தங்கை சுகந்தி வீட்டை ஒதுக்க வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் விறாந்தையில் சுவரோடு சாய்ந்திருந்தது. பெயின்ற் உரசாமல் இருக்க இடையில் ஒரு தலையணை. அவருடைய கட்டிலில் தலையணை இல்லை.

"தொட்டாலே சரியுது அண்ணா. இதுக்குக் கிட்டப் போகவே பயமாக் கிடக்கு" என்றார் சுகந்தி. பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துத் தந்தார். "இதில உங்கட பேர் இருக்கு."

அந்தப் படிவம். ட்ராக்குக்குப் பதிவு செய்ய நிரப்பியது. அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர், என் பெயர். இலக்கம், என்னுடையது. உறவுமுறை என்ற கோட்டில், துண்டு அடித்துப் பழகிய அவருடைய சாய்ந்த எழுத்தில் "அடுத்த ஷிப்ட்" என்று இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சுகந்தி எனக்குக் கதிரை எடுத்துத் தர வேண்டியிருந்தது.

வண்டியை முற்றத்துக்கு இறக்கினேன். இருபது நிமிடம், ஒரு ஓட்டத்தின் நேரம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் உளைந்தது. அப்போதுதான் சொன்னேன், சுகந்திக்கும் யோகண்ணைக்கும் கேட்கும்படி: "நான் அண்டைக்கு லீவு கேக்கவேயில்லை."

பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த பிஸ்கட் பெட்டியை எடுக்கச் சொன்னேன். ஸ்டாண்ட் அதற்குள் இருந்தது, அதில் கட்டிய துண்டில் பூச்சியம். சுகந்தி வண்டியைப் பிடிக்க, நான் மண்ணில் குந்தியிருந்து போல்ட்டை முறுக்கி, அந்தப் பிடிவாதமான ஸ்பிரிங்கை இழுத்துக் கொழுவினேன். விரல் வெட்டியது. ஸ்டாண்டைக் காலால் தட்டி இறக்கிவிட்டு, கையை எடுக்கச் சொன்னேன். சுகந்தி பயந்து பயந்து எடுத்தார். வண்டி தானாக நின்றது.

யோகண்ணை, நான் வந்திட்டன். இனி நீங்கள் இறங்குங்கோ.